மெத்தையில் கொட்டிய குங்கிலியம்

சேந்தனேரி ஜமீந்தாருடைய உல்லாசப் படகில் ஒரு பட்டு மெத்தை உண்டு. அவரைத் தவிர யாரும் அதில் உட்காரக் கூடாது.

ஒருநாள் படகின் விரிசலை அடைக்க வந்த இருளாயி, உருக்கிய குங்கிலியச் சட்டியை மெத்தைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பஞ்சு எடுக்கப் போனாள். திரும்பி வந்து படகில் ஏறினால், சட்டி கவிழ்ந்து மெத்தையெல்லாம் பிசின். அதற்குள் ஜமீந்தாரும் கரைக்கு வந்துவிட்டார்.

எஜமானுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது ஜமீன் வழக்கம். அதனால் கரையில் அவரைப் பார்த்தபடி நின்ற காரியஸ்தர் வைத்தியலிங்கம் படகுப் பக்கம் திரும்பாமலே இருளாயியை ஏசினார்.

"தண்ணி படாம, எண்ணெய் படாம, கத்தி படாம இப்பவே கறையை எடு. இல்லேன்னா இந்த ஏரிப்பக்கமே தலைகாட்டாதே."

இருளாயி அவர் முதுகுப்புறத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"ஆகட்டும் சாமி. வேட்டி கட்டின ஆள் ஒருத்தர் அதுமேல அசையாம உட்காரணும். மனுஷச் சூட்டுல பிசின் இளகி வேட்டியில ஏறிடும்."

"என் மெத்தையில யாரு உட்கார்றது?" என்றார் ஜமீந்தார்.

"புது ஆள் எதுக்கு சாமி? பாதி வேலையைக் காரியஸ்தரய்யா முன்னமே முடிச்சுட்டாரு. கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க."

காரியஸ்தர் திரும்பவில்லை. ஜமீந்தாரே சுற்றிப் போய்ப் பார்த்தார். வேட்டியின் பின்பக்கம் பிசின் பளபளத்தது. வயிறு குலுங்கச் சிரித்தவர், மிச்ச வேலையையும் முடிக்கச் சொல்லிவிட்டார்.

அன்று ஜமீந்தார் வெறும் பலகையில் உட்கார்ந்து காற்று வாங்கினார். ஆசைப்பட்ட மெத்தையில் காரியஸ்தர் ஜம்மென்று வீற்றிருந்தார். கரை வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வேட்டியை விட்டுவிட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.