இஸ்திரிப்பெட்டிக்கு ஓட்டுப் போடாதீர்கள்

எங்கள் மேலப்பாறைக்கு அறிவாளிகள் ஊர் என்று பெயர். படித்துக் கிழித்து வாங்கிய பெயர் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் கூழைக்குளம் இருக்கிறது. அதனால் எங்களுக்கு அது சும்மா கிடைத்தது.

கூழைக்குளத்துக்காரர்களைக் கெட்டவர்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் உள்ள குறையும் அது ஒன்றுதான். ஒருமுறை பஸ் கண்டக்டர், "படியில யாரும் நிக்காதீங்க" என்று கத்தினார். அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து வந்தார்கள்.

அந்த பஸ் இப்போது கூழைக்குளத்துக்குப் போவதில்லை. ஓடைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் ஏழு வருஷம் ஆகிறது. பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். அவர்கள் முழங்கால் தண்ணீரில் ஓடையைத் தாண்டி வந்துதான் ஏற வேண்டும்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டவள் செவந்தி. வாழையிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் சந்தைக்குப் போகிறவள். ஒரு ஐப்பசியில் ஓடைக்குள் வழுக்கி விழுந்தாள். ஒரு கட்டு இலையும் தண்ணீரோடு போய்விட்டது. கரையில் நின்று அவள் அழுத அழுகையைப் பார்த்து எங்களுக்கே மனசு கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் புருஷன் வடமலையப்பனிடம் சொன்னாள்:

"இங்கேருங்க, பாலம் வரலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"எப்பம் போவ?"

"துணிமணியெல்லாம் தூக்கிட்டு அந்த ஓடையத் தாண்ட முடியுமா? பாலம் வரட்டும். வந்த அன்னைக்கே போறேன்."

பாலம் வராவிட்டாலும் போய்விடுவாள், வந்தாலும் போய்விடுவாள். வேறு யாராக இருந்தாலும் பேசாமல் இருந்திருப்பார்கள். வடமலையப்பனுக்குப் பொண்டாட்டி மேல் உயிர். அவள் கேட்டது பாலம், அதனால் பாலம் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டு டெல்லிக்குப் போனார். இடம் காலி, இடைத்தேர்தல் என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் ஆள் நிறுத்தின. கூழைக்குளத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, பாலம் வேண்டும் என்றால் நம்ம ஊர்க்காரன் ஒருவன் சட்டசபைக்குப் போக வேண்டும் என்று பேசி, வடமலையப்பனைச் சுயேச்சையாக நிறுத்தினார்கள்.

தலைமை ஏஜெண்ட் சங்கிலிமுத்து. அவர் ஒருமுறை மழைக்கு ஒதுங்கித் தாலுகா ஆபீசுக்குள் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். அந்த அனுபவம் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. அவருக்கு உதவி ஆவுடையப்பன். சங்கிலிமுத்து எது சொன்னாலும் அதைக் கொஞ்சம் சத்தமாக மறுபடி சொல்வது ஆவுடையப்பனின் வேலை.

மனுத்தாக்கல் அன்று தேர்தல் ஆபீசர், "பத்துப் பேர் சேர்ந்து முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடணும்" என்றார். பத்துப் பேரும் சேர்ந்து ஒரே பேனாவைப் பிடித்தார்கள். பேனா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மேசைவிரிப்பு வரைக்கும் போய் வந்தது. ஆபீசர் பொறுமைசாலி. புதுப் படிவம் கொடுத்து, ஒவ்வொருவராகப் போடவைத்து, இஸ்திரிப்பெட்டிச் சின்னமும் ஒதுக்கினார். கிளம்பும்போது நல்ல எண்ணத்தில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்:

"ஓட்டுங்கிறது ரகசியம். யார் யாருக்குப் போடறாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதை மீறினா சட்டப்படி தப்பு. பார்த்து நடந்துக்கங்க."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் தேர்தல் கமிட்டி கூடியது. சங்கிலிமுத்து முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாச்சி, பெரிய சிக்கல். நாம ஒரு வீட்டுக்குப் போயி, வடமலையப்பனுக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேக்கோம். அவங்க சரின்னு சொல்லுதாங்க. அப்பம் அவங்க யாருக்குப் போடப்போறாங்கன்னு நமக்குத் தெரிஞ்சிரும்லா?"

"தெரிஞ்சிரும்லா!" என்றார் ஆவுடையப்பன்.

"தெரிஞ்சா ரகசியம் எங்க இருக்கு?"

"எங்க இருக்கு?"

"ரகசியம் போனா தேர்தலே செல்லாமப் போயிரும்."

வடமலையப்பன் மிரண்டுபோனார். "அப்பம் எனக்கு ஓட்டே கேக்கக் கூடாதாப்பா?"

சங்கிலிமுத்து கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "கேக்கலாம் அண்ணாச்சி. யாருக்குன்னு சொல்லாமக் கேக்கணும்."

மறுநாள் முதல் பிரச்சாரம் தொடங்கியது. வடமலையப்பன் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு எடுத்த போட்டோவைப் போஸ்டர் அடித்தார்கள். சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று இருந்தது. பேர் இல்லை, ஊர் இல்லை. 'இவருக்கே உங்கள் ஓட்டு' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஆறு பேர் ஒரு ஆட்டோவில் ஏறி மைக் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். "வாக்காளப் பெருமக்களே! நல்லவர், பாலம் கட்டக்கூடியவர், பொண்டாட்டி மேல உயிரையே வச்சிருக்கக்கூடியவர், அவருக்கு மறக்காம ஓட்டுப் போடுங்க!"

கோயில் தெருவில் ஒரு அம்மா ஆட்டோவை நிறுத்தினாள். "யாருக்குப்பா போடணும்?"

"அது உங்க ரகசியம்க்கா."

"சரி, வேட்பாளராவது வந்திருக்காரா?"

"வந்திருக்காரு. இந்த ஆறு பேர்ல ஒருத்தரு."

அந்த அம்மா ஆறு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வடமலையப்பனிடம், "நீங்களா?" என்றாள்.

வடமலையப்பன் வெட்கப்பட்டுக்கொண்டே, "நானா இருந்தாலும் இருக்கும்" என்றார்.

முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். டீக்கடையில் இதே பேச்சு, சலூனில் இதே பேச்சு. பெரிய கட்சி ஒவ்வொன்றும் இது மற்ற கட்சியின் சதி என்று நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்தது. மற்ற சுயேச்சைகள் இதுதான் சாக்கு என்று, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு 'அந்த ஆள் நான்தான்' என்று கிளம்பிவிட்டார்கள். பங்குனி வெயிலில் தொகுதி பூராவும் முக்காடு போட்ட ஆண்கள் அலைந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன்.

பாய் நெசவு செய்கிற ஊர் ஒன்றில் தொள்ளாயிரம் ஓட்டு. அந்த ஊர்ப் பெரியவர் சங்கிலிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது. பேரை மட்டும் சொல்லுங்க. ஊரோட குத்திடறோம்."

சங்கிலிமுத்து கையை உதறிக்கொண்டார். "எங்களப் பாத்தா சட்டத்தை மீறுதவங்க மாதிரியா தெரியுது?"

இதைக் கேள்விப்பட்டுச் செவந்திக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஊரு உலகமே உங்க பேரைக் கேட்டு நிக்குது. சொல்லித் தொலைச்சா என்ன?"

"செல்லாமப் போயிரும் புள்ள," என்று வடமலையப்பன் கண் கலங்கினார். "எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஒருதடவையாவது மைக்குல எம் பேரைக் கேக்கணும்னு கெடந்து தவிக்கேன்." அவர் சொன்னது நிஜம். பாவம், மனுஷன் அரை ஆளாக இளைத்துப்போயிருந்தார்.

இப்படியே பதினைந்து நாள் ஓடிற்று. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆபீசர் எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு ஆறு மணியோட பிரச்சாரம் முடியுது. அதுக்கு மேல, எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது."

ஆறு மணிக்குக் கமிட்டி கூடியது. வடமலையப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினார். "முடிஞ்சு போச்சு. கடைசி வரைக்கும் எம் பேரை ஒருத்தரும் சொல்லல."

சங்கிலிமுத்து சடாரென்று எழுந்தார். "ஓட்டுப் போடுங்கன்னு கேக்கக் கூடாது. அம்புட்டுத்தானே சொன்னாரு?"

"அம்புட்டுத்தான் சொன்னாரு!" என்றார் ஆவுடையப்பன்.

"போடாதீங்கன்னு கேக்கலாம்லா?"

"கேக்கலாம்லா!"

"பேரையும் சொல்லலாம். போடாதீங்கன்னு சொன்னா, அவங்க யாருக்குப் போட மாட்டாங்கங்கிறதுதான் நமக்குத் தெரியும். யாருக்குப் போடுவாங்கன்னு தெரியாது. ரகசியமும் ரகசியமா இருக்கும்!"

வடமலையப்பன் எழுந்து சங்கிலிமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு மூளை நம்ம ஊரில் இருந்தும் பாலம் இல்லாமல் இத்தனை வருஷம் இருந்தோமே என்று ஊரே வருத்தப்பட்டது.

இரண்டு நாளும் சோறு தண்ணி இல்லாமல் வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "அம்மா, தாயே! பதினோராவது பொத்தான். இஸ்திரிப்பெட்டி. வடமலையப்பன்னு எழுதியிருக்கும். தயவுசெஞ்சு அதை மட்டும் அமுக்கிராதீங்க!"

"ஏம்ப்பா, ஆள் அவ்வளவு மோசமா?"

"தங்கமான மனுசன்."

"அப்புறம் ஏன் போடக் கூடாது?"

"ஆறு மணிக்கு மேல ஆயிட்டு தாயே."

பெரிய கட்சிக்காரர்கள் ஓடிப்போய்ப் புகார் கொடுத்தார்கள். ஆபீசர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று ஒருவன் கெஞ்சினால் அவனை என்ன செய்வது என்று அதில் எங்கேயும் இல்லை. தலை வலிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜனங்கள் உருகிப்போனார்கள். எத்தனை தேர்தல் பார்த்தாயிற்று, எத்தனை பேர் வந்து காலில் விழுந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் இவன் ஒருத்தன்தான், இவனல்லவா மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் மேலப்பாறையிலும் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

ஓட்டு எண்ணும் நாள் வந்தது. இஸ்திரிப்பெட்டி முதல் சுற்றிலேயே முன்னணி. பாய் நெசவு ஊரில் தொள்ளாயிரத்துக்குத் தொள்ளாயிரம். கோயில் தெருவில் மற்றவர்களுக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் விழுந்தது. தொகுதி முழுக்க இஸ்திரிப்பெட்டி ஒரு ஓட்டுக்கூட வாங்காத ஊர் ஒன்றே ஒன்றுதான். அது கூழைக்குளம். போடாதீங்க என்று வடமலையப்பனே வீடு தேடி வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு அந்த ஊரில் யார் போடுவார்கள்? செவந்தி போடவில்லை. வடமலையப்பனும் போடவில்லை, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தானே மீறினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

முப்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி என்று அறிவித்ததும் சங்கிலிமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இத்தனை பேர்ட்டக் கெஞ்சினோமே அண்ணாச்சி, ஒரு பய நம்ம பேச்சைக் கேக்கலியே!"

எப்படியோ வடமலையப்பன் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆறே மாதத்தில் பாலத்துக்கு உத்தரவும் வாங்கிவிட்டார். பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஜீப்பில் வந்து ஓடைக்கரையில் இறங்கினார். ஊரே திரண்டு நின்றது.

"இங்கேதானே சார் கட்டணும்?" என்று எம்.எல்.ஏ.விடம் ஓடையைக் காட்டினார்.

செவந்தி முன்னால் வந்தாள். "ஏன் சார், தண்ணிக்குள்ளயா கட்டுவீங்க?"

"பின்ன எங்கம்மா கட்டறது?"

"இதுவரைக்கும் மூணு பாலம் கட்டுனாங்க. மூணையும் இந்த ஓடைக்குள்ளதான் கட்டுனாங்க. மூணையும் வெள்ளம் கொண்டு போயிட்டு. எம் புருஷன் ராப்பகலா அலைஞ்சு வாங்குன பாலம் சார் இது. மேட்டுல, நல்ல காய்ஞ்ச எடமாப் பாத்துக் கட்டுங்க."

ஊர் மொத்தமும் 'சரியான பேச்சு' என்றது. இன்ஜினியர் மூன்று தடவை எழுதிக் கேட்டார். எம்.எல்.ஏ. மூன்று தடவையும் 'மேட்டில்தான்' என்று கையெழுத்துப் போட்டார்.

பாலம் அம்மன் கோயில் மேட்டில் கம்பீரமாக நிற்கிறது. இரண்டு மழைக்காலம் ஆயிற்று, ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் காலைத் தொடவில்லை. கூழைக்குளத்துக்காரர்கள் இப்போது பஸ்ஸுக்கு வரும்போது முதலில் மேட்டுக்குப் போய்ப் பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பிறகு ஓடைக்கு வந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். செவந்தி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. இவ்வளவு நல்ல பாலத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்கிறாள்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் வெறும் தரையாக இருக்கிறதாம். அதனால் வருகிற பொதுத் தேர்தலில் அவளே நிற்கிறாள். ஜெயித்தால் ஓடையை வெட்டித் திருப்பிக் கொண்டுவந்து பாலத்துக்குக் கீழே விடுவதாக வாக்குறுதி கொடுத்திருக்கிறாள்.

அதைக் கேட்டு எங்கள் மேலப்பாறையில் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம் போட்டு, ஓடை அந்த மேட்டுக்கு ஏறிப் போகும்போது வழியில் எங்கள் வயலுக்கும் கொஞ்சம் பாயுமா என்று கேட்டுவர ஆள் அனுப்பியிருக்கிறோம்.