அங்கை குடியிருந்த வீடு

சண்டை ஓய்ந்து நாலைந்து மாரி கழிந்த காலம். கடல்நீரேரிக் கரையில் இருந்த ஒரு சிற்றூரில், பார்வை இழந்தவர்களுக்கு நடை பழக்கும் வீடு ஒன்று இருந்தது. நடக்கத் தெரிந்தவர்கள்தான் அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் காலை முன்னே வைக்கப் பயந்துபோய் வந்தார்கள்.

தவமலரும் அப்படித்தான் வந்தாள். வயது முப்பத்தெட்டு. கண் போய் மூன்று வருடம். அவளுடைய மகள் ஆரணி தாய்மாமன் சபாநாதன் வீட்டில் வளர்ந்தாள். சபாநாதன் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"பிள்ளை, நீ ஒருத்தற்றை கையும் பிடிக்காமல் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர். அண்டைக்கே ஆரணியை உன்னோடை விடுறன். அதுவரைக்கும் கேக்காதை."

"சொல்லு மாறமாட்டியளே, அண்ணை?"

"வாசல்லை நிப்பன். ஆனால் வாய் திறந்து கூப்பிடமாட்டன்."

நடை பழக்கியவள் நிரோஜினி, இருபத்தாறு வயதுக்காரி. அவள் தவமலரை அக்கா என்றாள். தவமலர் அவளை ரீச்சர் என்றாள். முதல் நாளே தவமலரின் கையில் ஒரு வெள்ளைப் பிரம்பு வந்துவிட்டது.

பிரம்பு பேசும் என்பது தெரிய மூன்று நாள் ஆனது. எங்கே தட்டினாலும் அது ஒரே சொல்லைத்தான் சொன்னது.

"இங்கை."

மணலில் தட்டினால் தொண்டை அடைத்த குரலில் இங்கை. தார் றோட்டில் கணீரென்று இங்கை.

"உனக்கு வேறை கதை தெரியாதோ?" என்று தவமலர் கேட்டாள்.

"நான் ரெண்டடி முன்னாலை போறவன். போன இடத்தைச் சொல்லுவன். போகாத இடத்தைப் பற்றி அளக்கிறது என்ரை வேலை இல்லை."

இடப்பக்கத்து மதிலும் பேசியது. "புறங்கையாலை தடவு. உள்ளங்கை எண்டால் ஆணி கீணி கிழிச்சுப்போடும். எனக்கும் கூச்சம்."

நடை பழக்கும் வீட்டு வாசலில் இருந்து மதிலோடு போனால், மதில் முடிகிற இடத்தில் கூரை இல்லாத ஒரு வீடு. அதைத் தாண்டினால் மதகு. மதகைத் தாண்டினால் பள்ளிக்கூடம். கூரை இல்லாத வீட்டுக்குக் கிட்டப் போனதும் பிரம்பின் குரல் இறங்கிவிடும். மதில் வாயே திறக்காது. இரண்டாம் வாரம் தவமலர் மதிலைக் கேட்காமல் விடவில்லை.

"உதுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

மதில் மெல்லச் சொன்னது. "அங்கை குடியிருக்குது."

"அது ஆர் அங்கை?"

"கண் தெரியாத ஆக்கள் வழி கேட்டால் சனம் விரலை நீட்டி, அங்கை இருக்கு எண்டு சொல்லுவினம் எல்லோ? நீட்டின விரல் கேட்டவைக்குத் தெரியாது. சொல் மட்டும் வந்து விழும். விழுந்த சொல்லுக்குப் போக ஒரு இடமும் இல்லை. அப்பிடி விழுந்ததெல்லாம் உந்த வீட்டுக்குள்ளை போய்ச் சேர்ந்து ஒண்டாப் போச்சு. அதுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கேட்ட குரலுகளிலை கூப்பிடும்."

"கூப்பிட்டு என்ன செய்யும்?"

"தனிய இருக்கேலாமல் கூப்பிடும். போகேக்கை என்னைத் தடவிக்கொண்டு போன கையள் உண்டு. அந்தக் கையள் திரும்பி வந்து தடவேல்லை."

தவமலர் இதை நிரோஜினியிடம் சொன்னாள். நிரோஜினி சிரிக்கவில்லை.

"பயப்பிடவேண்டிய சொல்லுத்தான் அக்கா. எங்கடை பேச்சிலை மூண்டு சொல் இருக்கு. இங்கை எண்டால் சொல்லுறவர் நிக்கிற இடம். அங்கை எண்டால் ரெண்டு பேருக்கும் எட்டாத இடம். உங்கை எண்டால் கேக்கிறவர் நிக்கிற இடம். அங்கை எண்டு ஆரும் சொல்லலாம், விரலை நீட்டினால் போதும். உங்கை எண்டு சொல்ல, உங்கடை காலிலை வந்து நிண்டு பாக்கவேணும்."

"அப்பிடி ஆர் மினைக்கெடப் போகினம்?"

"நானே பழக ரெண்டு வருசம் எடுத்தது. வாங்கோ, எழும்புங்கோ. உங்கை, இடது காலுக்குக் கிட்ட ஒரு கல்லு."

ஞாயிற்றுக்கிழமைகளில் சபாநாதன் ஆரணியைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். தாய் நடை பழகுவதைப் பார்த்துக்கொண்டு அவள் படியில் இருப்பாள். ரீச்சர் சொல்வதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள்.

கடைசியில், தவமலர் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடக்கவேண்டிய வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட இன்னும் அரை மணித்தியாலம். உச்சி வெயிலில் றோட்டு வெறிச்சோடிக் கிடந்தது. காகம்கூடக் கத்தவில்லை. நிரோஜினி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"போயிட்டு வா," என்றது மதில், தன் கடைசிக் கல்லில் தவமலரின் புறங்கை பட்டபோது.

அப்போது ஒரு சைக்கிள் நின்றது. "எங்கையம்மா தனியப் போறியள்?" ஒரு ஆணின் குரல்.

"பள்ளிக்கூடத்துக்கு. எனக்கு வழி தெரியும்."

"அங்கைதானே இருக்கு," என்றார் அவர். நல்ல மனிதர். தன் குரல் பக்கம் திரும்பி நின்றவளைத் தோளில் பிடித்து அரைவட்டம் திருப்பிவிட்டு, மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மணிச்சத்தம் தேய்ந்ததும் தவமலருக்குத் திசை எல்லாம் ஒன்றாகிவிட்டது. மதில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நாலடி வைத்தாள். பிரம்பு "இங்கை" என்றது, ஆனால் புல்லில். பிறகு உடைந்த ஓட்டில். வெயில் மாறாமல் உச்சந்தலையில் இருக்க, நனைந்த சுண்ணாம்பு மணமும் குளிரும் காலில் ஏறின.

"அங்கை," என்றது சைக்கிள்காரரின் குரல், காதுக்குப் பக்கத்தில்.

"அங்கை, பிள்ளை," என்றது அண்ணனின் குரல், முதுகுக்குப் பின்னால்.

அவள் அசையவில்லை. அதன்பிறகுதான் அது ஆரணியின் குரலை எடுத்தது.

"அம்மா, அங்கை வாங்கோ."

தவமலரின் கால் தானாக எழுந்தது. ஓரடி. "அங்கை வாங்கோ, அம்மா." இன்னும் ஓரடி. மூன்றாவது அடிக்கு முன் பிரம்பு இறங்கியது. எதிலும் படவில்லை. இங்கை என்ற சொல் வரவில்லை. அதன் நுனி தள்ளிவிட்ட ஒரு சிறு கல், நெடுநேரம் கழித்து, ஆழத்தில் தண்ணீரைத் தொட்டது.

தவமலர் பிரம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை கூப்பிட்டால் இங்கை வாங்கோ என்றல்லவா கூப்பிடும்?

"நீ எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டாள்.

பதில் ஒரு குரலாக வரவில்லை. கிழவர்கள், பெண்கள், கண்டக்டர்கள், பொலிஸ்காரர்கள், நூறு வாய்கள் ஒன்றாகச் சொல்லின. "அங்கை. அங்கை. அங்கை." அவற்றுக்குள் ஒரு குரலை அவள் அடையாளம் கண்டாள். அவளுக்குக் கண் இருந்த காலத்தில், பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்ற ஒரு குருட்டு மனிதர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அவள் அவசரத்தில் விரலை நீட்டிவிட்டு பஸ் ஏறினாள். அந்தக் குரல் அவளுடையது.

ஆனாலும் சொன்னாள்.

"கேள். உங்கை ஒரு கிணறு இருக்கு. கட்டு இடிஞ்சு போச்சு. உங்கை, கிணத்துக்கு அங்காலைக் கரையிலை, முருங்கை ஒண்டு நிக்குது. காய் ஒண்டோடை ஒண்டு தட்டுப்படுது. உனக்குக் கேக்குதோ?"

நூறு வாய்களும் நின்றன. அந்தச் சொல்லிடம் அதன் இடத்தை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"அப்ப நான்," என்றது அது, யாருடையதும் அல்லாத மெல்லிய குரலில், "இங்கையோ?"

"ஓம். நீ இங்கைதான்."

பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில்தான் பள்ளிக்கூட மணி அடித்தது. தவமலர் மணி வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிரம்பைத் தரையில் வைத்தாள். உடைந்த ஓட்டில் இங்கை. புல்லில் இங்கை. தாரில் இங்கை. மதகுச் சீமெந்தில், கீழே தண்ணீர் ஓட, இங்கை.

பிள்ளைகள் கலைந்து ஓடும் இரைச்சல் கிட்ட வந்தது. வாசலில் சபாநாதன் நின்றார். தங்கையைக் கண்டதும் அவருடைய விரல் பழக்கத்தில் எழுந்தது. சொன்ன சொல் நினைவுக்கு வந்து, விரலை மடக்கிக்கொண்டார்.

"அம்மா."

ஆரணியின் குரல். தவமலர் சட்டென்று நின்றாள். இதே குரல்தானே சற்று முன்னும் கூப்பிட்டது? அடுத்த சொல்லுக்காக அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா, உங்கை ஒரு படி இருக்கு. வலது காலுக்கு முன்னாலை."

தவமலர் பிரம்பை நீட்டித் தட்டினாள்.

"இங்கை," என்றது பிரம்பு.