நனைந்த சுவரும் மெருகெண்ணெயும்

மழைக்காலம் முடிந்தபோது வேங்கைக்கோட்டை அரண்மனையின் மேற்குச் சுவர் பாசி பிடித்து, கரிச்சட்டியின் அடிப்பாகம் போல நின்றது. இளவரசியைப் பெண் பார்க்கப் பக்கத்து நாட்டார் வரப்போகிறார்கள். அரசர் கோதண்டவர்மருக்குச் சோறு இறங்கவில்லை.

மந்திரி அனந்தபத்மன் முந்திக்கொண்டார். "கவலையை விடுங்கள் மகாராஜா. என் மைத்துனன் குங்கிலியம் போட்டு மெருகெண்ணெய் காய்ச்சுகிறான். மஞ்சள் கலந்து பூசினால் சுவர் பொன்னாய் மின்னும். ஒரு சொட்டு நீர் உள்ளே போகாது."

சபையே தலையாட்டியது. அந்தச் சபை எதற்குத்தான் தலையாட்டவில்லை!

விகடகவி சாத்தையன் மட்டும் ஆட்டவில்லை. வரும் வழியில் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தான். கை ஈரமாகத் திரும்பியது.

"உள்ளே போகாது, சரி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வருமா, மந்திரியாரே? எண்ணெய் பூசி மூடினால் சுவர் கொப்புளித்து உரியும். காயவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும்."

"கேட்டீர்களா, சுவருக்கு மூச்சாம்!" மந்திரி தொடையைத் தட்டிச் சிரித்தார். "நாளைக்குச் சுவருக்குப் பசிக்கிறது, இலை போடுங்கள் என்பான்!"

அரசருக்கோ அவசரம். "சாத்தையா, நாளை மாலைக்குள் நீ சொன்னதை நிரூபி. இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டை விட்டுக் கிளம்பு."

பூசிய சுவர் கொப்புளிக்க மாதக்கணக்காகும். சாத்தையனுக்குக் கிடைத்ததோ ஒரே பகல்.

மறுநாள் காலை, மந்திரி குளத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு படியேறினார். மேல்படியில் அரசரும் சாத்தையனும் நின்றார்கள். சாத்தையன் கையில், மழையில் பல்லக்கை மூடும் துணி ஒன்று. மைத்துனனின் அதே எண்ணெய் ஏற்றியது.

"மந்திரியாரே, சுவரும் நனைந்திருக்கிறது, நீரும் நனைந்திருக்கிறீர். துவட்டாமல் இதைப் போர்த்திக்கொண்டு மாலைவரை சபையில் வெயில் படும் பக்கம் உட்காரும். சௌக்கியமாக எழுந்தால் நான் ஊரை விட்டே போகிறேன்."

"ப்பூ, இவ்வளவுதானா?" என்றார் மந்திரி. கழுத்திலிருந்து கணுக்கால்வரை இறுக்கிக் கட்டினார்கள்.

வெயில் ஏறியது. மந்திரி நெளிந்தார். பிறகு முதுகைத் தூணில் தேய்த்தார்.

"அரிக்கிறதோ?" என்றான் சாத்தையன்.

"இல்லை. தூண் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்."

"பாரும், நன்றாகப் பாரும்."

உச்சிப்பொழுதில் பக்கத்து ஆசனக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். எல்லாரும் நேற்றுத் தலையாட்டியவர்கள்தான். அதற்குமேல் மந்திரிக்குத் தாங்கவில்லை.

"அவிழுங்கள்! புழுங்கிச் சாகிறேன்!"

அவிழ்த்தார்கள். வேட்டி காலையில் இருந்ததைவிட ஈரம். மார்பிலும் முதுகிலும் கொத்துக்கொத்தாய் வேர்க்குரு.

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார். "நீ எங்கும் போகவேண்டாம். சுவர் காயட்டும், சுண்ணாம்பே அடிப்போம்." சொன்னதும் முகம் வாடியது. "ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் இந்தப் பாசிச் சுவர் படுமே, என்ன செய்வது?"

"மந்திரியாரை இப்படியே அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள் மகாராஜா," என்றான் சாத்தையன். "அப்புறம் சுவரை யார் குறை சொல்லப்போகிறார்கள்?"