வள்ளியூரில் நிற்காத சைக்கிள்

கன்னியாகுமரிக்குச் சற்று முன்னால் கொட்டாரத்தில் அஜிதா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. நாட்டின் கடற்கரை முழுவதையும் தன்னந்தனியாகச் சைக்கிளில் சுற்றி வந்தவர். வந்த பிறகு அதைப் பற்றி யாரிடமும் பெரிதாகப் பேசவில்லை. பேசாததனாலேயே அவரைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்களில் மூத்தவர் அருமைநாயகம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வள்ளியூர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். அதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

தனியாக நெடுந்தூரம் போகிறவர்களுக்கு டீச்சர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். வழியில் எல்லோருக்கும் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம். கடையில் சாப்பிடலாம், கோயிலில் சாப்பிடலாம், முன்பின் தெரியாதவர் தருகிற தண்ணீரைக் குடிக்கலாம். தனக்கென்று தன் வீட்டார் கொண்டுவந்து நீட்டுவதை மட்டும் தொடக்கூடாது.

கன்னியாகுமரி வரை தனியாகச் சைக்கிளில் போவதென்று காஷ்மீரில் கிளம்பியதிலிருந்து அருமைநாயகம் இந்த விதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். நாக்பூரில் அவருடைய மருமகன் பிரியாணிப் பொட்டலத்தோடு ரோட்டில் நின்றபோது, கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மருமகன் அதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாராம்.

பயணம் முடிந்த அன்று பிற்பகல் அவர் கொட்டாரம் வந்து சேர்ந்தார். சைக்கிளின் முன் சக்கரத்தில் கடல் மணல் ஒட்டியிருந்தது. டீச்சர் முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. கடலத் தொட்டாச்சா?"

"தொட்டாச்சு டீச்சர். முன் சக்கரத்த அலையில நனைச்சிட்டுத்தான் வாரேன்."

"நல்லது. உக்காருங்க."

அருமைநாயகம் உட்காரவில்லை. கறுத்து மெலிந்து, தாடி நரைத்து, பார்த்தால் அடையாளம் தெரியாத ஆளாகியிருந்தார். இத்தனை தூரம் வந்தவர் முகத்தில் இருக்க வேண்டிய சந்தோஷம் மட்டும் இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தேன். கடலையும் தொட்டுட்டேன். வந்து சேந்த மாதிரியே இல்லையே, ஏன்?"

டீச்சர் டியூபை லேசாக அழுத்தித் தண்ணீரைப் பார்த்தார்.

"எது வரைக்கும் வந்த மாதிரி இருந்துச்சு?"

அருமைநாயகம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்தார்.

"வள்ளியூர் வரைக்கும்" என்றார்.

"அங்க என்ன நடந்துச்சு?"

அவ்வளவுதான், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் மனுஷனுக்குக் கொட்டிவிட்டது.

"என் வீட்டுக்காரி சொர்ணம் ரோட்டுல வந்து நிக்கா டீச்சர். நாலுவழிச் சாலையில இருந்து எங்க ஊருக்குத் திரும்புற இடத்துல. கையில மோர் டம்ளரு. இத்தன மாசமும் தெனமும் சாயங்காலம் போன்ல பேசினவதான். ஒரு நாளும் எனக்குக் குறுக்க நின்னதில்ல. கடைசி நாள்ல, இன்னும் ரெண்டு மணி நேரத்துல முடியப்போற நேரத்துல, என் விரதத்தக் கெடுக்கப் பாத்துட்டா."

"குடிச்சீங்களா?"

"எப்படிக் குடிப்பேன்? பொண்டாட்டி குடுக்கிறதத் தொடலாமா? தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"கடற்கரையில இருந்து போன் போட்டேன். முடிச்சிட்டேன்னு முதல்ல அவகிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கா. எப்பவும் ஒரே ரிங்ல எடுக்கிறவ. நாலு தடவ போட்டுட்டேன் டீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

டீச்சர் டியூபைத் திருப்பினார். தண்ணீரில் குமிழ் எதுவும் வரவில்லை.

"மோர எதுல வச்சிருந்தாங்க?"

"பானையில."

"ஒருத்தர் குடிக்கிற மோருக்குப் பானையா?"

"பந்தல் போட்டிருந்தா. நாலு கம்ப நட்டு, மேல தென்னங்கீத்து."

"கீத்து பச்சையா இருந்துச்சா?"

வேறு ஆளாக இருந்தால் கவனித்திருக்க மாட்டார். ஆயுள் முழுக்க அண்ணாந்து பார்த்துப் பிழைத்த மனிதருக்கு மேலே இருப்பதுதான் முதலில் கண்ணில் படும்.

"இல்ல. காஞ்சு செவந்து கெடந்துச்சு."

"அங்க வேற யாரும் இருந்தாங்களா?"

"ரெண்டு லாரிக்காரங்க நின்னாங்க. நுங்கு விக்கிற ஒரு அம்மா. ஸ்கூட்டர்ல ஒரு புருஷனும் பொண்டாட்டியும்."

"அவங்க குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க. நான் வேகத்தக் கொறச்சப்போ காதுல விழுந்துச்சு. லாரிக்காரன் ஒருத்தன், 'அக்கா, நேத்த விட இன்னைக்கு உப்பு கம்மி'ன்னு சொல்லிச் சிரிச்சான்."

அருமைநாயகத்துக்குத் தாம் சொன்னது தம் காதிலேயே இப்போதுதான் விழுந்தது போலிருந்தது.

டீச்சர் தலை நிமிரவில்லை.

"அக்கா நல்லாப் பழகுவாங்களோ?"

"யாரு, சொர்ணமா? கல்யாண வீட்டுக்குப் போனாலே பின்கட்டுல போய் உக்காந்துக்கிடுவா. வாசல்ல தபால்காரர் வந்தா, நான்தான் எந்திரிச்சுப் போகணும்."

"வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"'இந்தாங்க'ம்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதான்."

"இன்னைக்கு?"

அருமைநாயகம் வேலியில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு எப்படிக் கூப்பிட்டாங்க அண்ணாச்சி?"

"'ஐயா'ன்னா."

"என்னன்னு?"

"'ஐயா, வெயிலா இருக்கு, மோர் குடிச்சிட்டுப் போங்க'ன்னா. நான் அவளக் கட்டினவன், என்னப் பாத்து ஐயான்னா. கிண்டல் பண்ணுதாள்னு நெனச்சேன் டீச்சர். எனக்குக் கோவம் வந்துருச்சு. அதனாலதான் வேகமா மிதிச்சேன்."

டீச்சர் டியூபைச் சட்டியிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"நம்ம விதி அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கெளம்புறப்போ அவதான் கேட்டா. நம்ம ஊரு வழியாத்தான வருவீங்க, அப்பக்கூட என் கையால ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூடாதான்னு. கூடாதுன்னேன். எல்லாருக்கும் குடுக்கிறதா இருந்தா வாங்கலாம், எனக்குன்னு குடுத்தா..."



கீற்று காயும் அளவுக்கு எத்தனையோ பகல்கள் அவள் அந்த ரோட்டோரத்தில் நின்றிருக்கிறாள். தபால்காரருக்கு முன்னால் வராதவள் லாரிக்காரர்களுக்கு அக்காவாகியிருக்கிறாள். ஊரில் நாலு பேர் சிரித்திருப்பார்கள். சாயங்காலம் போனில் பேசும்போது அவள் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிட்டீங்களா, கால் வலிக்குதா, அவ்வளவுதான் கேட்பாள். சொல்லியிருந்தால் அது அவருக்கென்று போட்ட பந்தலாகிவிடும். அதனால்தான் கடைசியில் புருஷனையும் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். அந்த வழியில் போன அத்தனை பேரும் குடித்தார்கள். அவர் ஒருவர்தான் குடிக்கவில்லை.

இதெல்லாம் அருமைநாயகத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. வெட்கத்தில் நெஞ்சு எரிந்தது. மலையில் பனிக்காற்றில் வராத கண்ணீர், தார் கொதித்த ரோட்டில் தனியாகக் கிடந்தபோது வராத கண்ணீர், இங்கே டீச்சர் வீட்டு முற்றத்தில் வந்தது. துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவர் அழுது முடிக்கட்டும் என்று டீச்சர் காத்திருந்தார்.

"இப்பவே திரும்பிப் போறேன் டீச்சர்" என்றார் அருமைநாயகம். "இருட்டுறதுக்குள்ள போயிருவேன். பந்தல்ல நின்னு ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டேன்னா..."

"பந்தல் இருக்குமா?"

சைக்கிளை நிமிர்த்தியவர் அப்படியே நின்றார்.

"பிரிச்சிருப்பா" என்றார்.

"அப்போ வீட்டுக்குத்தான் போகணும்."

"வீட்டுல குடுப்பாளா டீச்சர்?"

டீச்சர் எழுந்து வந்து, முன் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வழியில போறவங்களுக்கு அவங்க கேக்காமலே குடுத்தாங்க அண்ணாச்சி. வீட்டுக்காரரு கேட்டுத்தான் வாங்கணும்."