ராஜாவுக்குப் பதிலாக நடந்தவர்

குவளைநாடு என்று ஒரு நாடு இருந்த காலத்தில், தடந்தோளன் என்று ஒரு ராஜா அதை ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பதைவிட அதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்றால் பொருத்தமாக இருக்கும். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவால் முடியாத காரியத்தை வேறொருவர் அவர் பேரில் செய்துவிடலாம். பலன் மட்டும் ராஜாவுக்கு. ஏகாதசியன்று யாரோ ஒருவர் பட்டினி கிடப்பார், ராஜா அப்பம் சாப்பிடுவார்.

"தினமும் கோட்டையைச் சுற்றி நடக்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னதும், பவளவண்ணர் என்ற அவைப் பிரமுகர் துள்ளி எழுந்து, "அரசருக்காக அடியேன் நடக்கிறேன்!" என்றார். நடந்தார். அவருடைய தொந்தி கரைந்தது. ராஜாவின் தொந்தி பத்திரமாக இருந்தது. வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டு, கோட்டை மூலைதோறும் அதிரசம் வைத்துப் பார்த்தார். ராஜா பல்லக்கில் போய்த் தின்றுவிட்டு வந்தார்.

அமைச்சர் சிற்றம்பலத்துக்கு இது பெரிய கவலை. ராஜாமேல் அவருக்கு உண்மையான பாசம். ராஜா படியேறி மூச்சு வாங்குவதை அவரால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் அவையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "அரசர் தாமே நடப்பார். அவருக்கே தோன்ற வேண்டும், அவ்வளவுதான்."

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த பவளவண்ணர் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் தோன்றவையுங்களேன்! மிரட்டல், கெஞ்சல், அதிரசம் எதுவும் கூடாது. தேர்த்திருவிழாவுக்குள் நடக்கவில்லை என்றால், உங்கள் முத்திரை மோதிரம் என் விரலுக்கு வரவேண்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "பலே! அப்படியே ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டினார்.

சிற்றம்பலம் ராஜாவிடம் திரும்பிக் கேட்டார்: "அரசே, தாங்கள் எதற்காக நடக்க வேண்டும்?"

"வைத்தியர் சொன்னார்."

"அது வைத்தியரின் ஆசை."

"மகாராணி நச்சரிக்கிறாள்."

"அது மகாராணியாரின் ஆசை. தங்கள் ஆசை என்ன?"

சாப்பாட்டு வேளை தவிர இப்படி ஒரு கேள்வியை யாரும் ராஜாவிடம் கேட்டதில்லை. அவர் மோவாயைத் தடவினார்.

"யாரும் சிரிக்கக் கூடாது" என்றார் ராஜா கடைசியில். "வருஷா வருஷம் தேர்வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பல்லக்கில் ஏறிவிடுகிறேன். ஜனங்கள் வேர்க்க விறுவிறுக்க, கூச்சல் போட்டுக்கொண்டு இழுக்கிறார்கள். ஒரு தடவையாவது தேர் நிலைக்கு வரும்வரை அவர்களோடு நானும் இழுக்க வேண்டும். தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு முட்டிவிடுமே!"

அமைச்சருக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டாமல் சொன்னார்: "இதற்கா கவலை? பவளவண்ணர் இருக்கிறாரே! தங்களுக்குப் பதிலாக அவர் இழுக்கட்டும்."

பவளவண்ணருக்கு வாயெல்லாம் பல். "என் பாக்கியம்! இந்த வருஷம் மட்டுமா, ஆயுசு முழுக்க இழுக்கிறேன். அரசர் நிழலில் உட்கார்ந்து பார்த்தால் போதும்."

"வாயை மூடும்!" ராஜா எழுந்தே நின்றுவிட்டார். "அது என்னுடைய ஆசை ஐயா! அதையும் நீர் எடுத்துக்கொண்டு போவீரோ?"

மறுநாள் விடியற்காலை ராஜா பல்லக்கைத் திருப்பியனுப்பிவிட்டு நடந்தார். மேற்கு வாசல் வருவதற்குள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் அடுத்த நாளும் வந்தார். "பனி ஆகாது அரசே, நான் நடக்கிறேனே" என்று பவளவண்ணர் குறுக்கே விழுந்து பார்த்தார். ராஜா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

திருவிழாவில் நான்கு வீதியும் ராஜா வடம் பிடித்தார். பக்கத்தில் இழுத்த எண்ணெய்க்காரர் உற்சாகத்தில், "இழு ராசா, இன்னும் இழு!" என்று அதட்டினார். அதைக் கேட்டு ராஜா பூரித்துப்போனார். தேர் நிலைக்கு வந்தபோது அவர் உள்ளங்கை சிவந்திருந்தது, முகம் குழந்தை முகமாக மலர்ந்திருந்தது.

"பவளவண்ணரே," என்றார், "வைத்தியர் கொடுத்த வேப்பங்கஷாயம் குடம் நிறைய மிச்சம் இருக்கிறது. அதை எனக்குப் பதிலாக நீர் குடியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜா அமைச்சரிடம் திரும்பினார். "உமக்கு என்ன வேண்டும்?"

"நாடு செழிக்க வேண்டும், அரசே."

"அது நாட்டின் ஆசை. உம்முடைய ஆசை?"

சிற்றம்பலத்தையும் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "கோபித்துக்கொள்ளக் கூடாது. பேச்சுத்துணைக்கென்று தினமும் விடியுமுன்னே அடியேனையும் எழுப்பி நடக்கவைக்கிறீர்கள். எனக்குத் தூங்க வேண்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் தனியாகவே நடந்தார். வெயில் ஏறி அவை கூடியபோது அமைச்சரின் இருக்கை காலியாக இருந்தது. ஆள் அனுப்பட்டுமா என்று காவலன் கேட்டான். ராஜா உதட்டில் விரலை வைத்து, அவை முழுவதையும் மெதுவாகப் பேசச் சொன்னார்.