பெயிண்ட் வாளி

"கோச், லீக் போர்டுல இருந்து என் பேரை அழிச்சிடுங்க," என்றாள் அங்கயற்கண்ணி.

ஜெசிந்தா டென்னிஸ் ராக்கெட்டுக்குப் பிடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தோத்துட்டீங்களாக்கா?"

"இந்த வாரமும்தான்."

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சிஷ்யைக்கு நாற்பத்தாறு. சென்னையில் இதெல்லாம் சகஜம்.

முகப்பேரில் அடுக்குமாடிகளுக்கு நடுவே எப்படியோ தப்பிப் பிழைத்த இரண்டு கோர்ட்டுகள். அங்கே ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கான டென்னிஸ் லீக். வேலை, வீடு, முட்டிவலி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஆடுவது.

அங்கயற்கண்ணி ஓர் இன்ஷூரன்ஸ் கிளையின் மேனேஜர். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் ஆபீசே நிமிர்ந்து உட்காரும். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்பினால், கணவர் பேப்பரை விலக்காமலே "ஜெயிச்சியா?" என்பார். அந்தக் கேள்வியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மானம் போகுது கோச். போதும் எனக்கு."

"சரிக்கா. பந்து எங்க?"

"எந்தப் பந்து?"

"இன்னிக்கு ஆடின பந்து."

அந்த லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆட வருகிற இருவரும் ஆளுக்கொரு டப்பா புதுப் பந்து கொண்டுவர வேண்டும். ஒன்றைத்தான் திறப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் திறக்காத டப்பா ஜெயித்தவருக்கு. அடிபட்டு அழுக்கான மூன்று பந்துகளும் தோற்றவருக்கு.

"அதை வேற யார் தூக்கிட்டு வருவா? வாட்ச்மேனோட நாய்க்குப் போட்டுட்டேன்."

"முன்னாடி தோத்த பந்தெல்லாம்?"

"அதே நாய்க்குத்தான்."

ஜெசிந்தா எழுந்தாள். பந்துகள் குவிந்து கிடக்கும் தன் பெரிய இரும்புக் கூடையை இழுத்துக்கொண்டு போய் ஷெட்டின் உள்மூலையில் வைத்தாள். அங்கயற்கண்ணி தினமும் பயிற்சி செய்வது அந்தக் கூடையில் இருக்கும் பந்துகளில்தான்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு காலி பெயிண்ட் வாளி இருந்தது.

"இனிமே தோத்த பந்தை இதுல போடுங்கக்கா. பிராக்டிஸும் இந்தப் பந்துலதான்."

"என் பேரு?"

"வாளி நிரம்பட்டும். அன்னிக்கு நானே அழிச்சிடறேன்."

அங்கயற்கண்ணிக்கு நிம்மதியாக இருந்தது. தோற்பதில் அவளுக்கு நல்ல அனுபவம். சீக்கிரமே நிரப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிறும் தோற்றாள். வாளியில் மூன்று பந்துகள் விழுந்தன.

மூன்று பந்துகளை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி செய்வது? மூன்று சர்வ் போடுவாள். அந்தக் கோடிக்கு நடந்து போய்ப் பொறுக்குவாள். திரும்பி வந்து மறுபடியும் போடுவாள். அடித்ததைவிட நடந்ததே அதிகம்.

"கூடையை வெளிய எடுங்க கோச். அதுல ஏகப்பட்டது கிடக்கு."

"அது என்னோடதுக்கா."

"அவ்வளவும் எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை."

அங்கயற்கண்ணி ஷெட்டைப் பார்த்தாள். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு பெரிய வெள்ளிக் கோப்பை முட்டுக் கொடுத்து நின்றது. மாநிலப் போட்டியில் ஜெசிந்தா வாங்கியது. அதற்குப் பின்னால் இருட்டில் கூடை தெரிந்தது. அத்தனையும் தோற்ற பந்துகள். குனிந்து தன் மூன்று பந்துகளைப் பொறுக்கினாள்.

வாரங்கள் போயின. அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். வாளியில் பந்து ஏற ஏற நடை குறைந்தது, அடி கூடியது. கட்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்த சர்வ் மெல்ல உள்ளே விழ ஆரம்பித்தது.

"ஜெயிச்சியா?" என்றார் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"தோத்துட்டேன். ஆனா ஒரு செட் எடுத்தேன்."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "யார்கிட்ட?" என்றார். சோறு ஆறும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பயிற்சி முடிந்து பந்துகளை வாளியில் போட்டபோதுதான் கவனித்தாள். இன்னும் மூன்று பந்துகளுக்குத்தான் இடம் இருந்தது. படியில் அரிசி அளப்பவள் போல வாளியைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளங்கையால் அமுக்கியும் பார்த்தாள். இடம் கூடவில்லை.

"அடுத்த வாரம் யாரோட கோச்?"

"பிரபாவதியோட."

பிரபாவதி போன வருஷ சாம்பியன். முன்பு ஒருமுறை, வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் இவளைத் தோற்கடித்துவிட்டுப் போய் அதைக் குடித்தவள்.

"தோத்தா?"

"வாளி நிரம்பிடும்," என்றாள் ஜெசிந்தா.

அந்த ஞாயிறு ஆட்டம் முடிகிறபாடாக இல்லை. பக்கத்துக் கோர்ட்டில் ஆடி முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் கம்பிவேலி ஓரமாக நின்றுவிட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. முதல் செட் பிரபாவதிக்கு, இரண்டாவது அங்கயற்கண்ணிக்கு. மூன்றாவதில் இருவரும் விடாமல் இழுத்தார்கள். கடைசியில் ஒரு பந்து வலையில் பட்டு, யோசித்து, அங்கயற்கண்ணியின் பக்கமே விழுந்துவிட்டது.

தோற்றுவிட்டாள்.

ஜெயித்த பிரபாவதி கோர்ட்டிலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள். "என்னைக் கொன்னுட்டீங்க," என்றாள் மூச்சு வாங்க. காபியைத் தொடவில்லை.

அங்கயற்கண்ணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதவி உயர்வு வந்த அன்றுகூட இப்படி ஒரு பெருமையை அவள் அறிந்ததில்லை.

கேட்டருகே வாட்ச்மேனின் நாய் பழைய நினைப்பில் வாலாட்டிக்கொண்டு நின்றது. பிரபாவதி பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்து அதற்கு எறியக் கையை ஓங்கினாள்.

"போடாதீங்க. அது என்னோடது."

"பழசுதானேங்க?"

"தோத்தது நான்தானே?" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜெசிந்தா போர்டின் முன்னால் டஸ்டரோடு நின்றாள். சொன்ன வாக்கு. காலடியில் பெயிண்ட் வாளி.

வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அங்கயற்கண்ணி இறங்கினாள். பின்சீட்டிலிருந்து, தண்ணீர் பிடித்து வைக்கிற நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை இழுத்து இறக்கினாள். புத்தம் புதியது. இடுப்பளவு உயரம்.

அதை உருட்டிக்கொண்டு வந்து போர்டுக்குக் கீழே நிமிர்த்தி வைத்தாள். பையிலிருந்த மூன்று பந்துகளை அதில் போட்டாள். பெயிண்ட் வாளியை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே டிரம்முக்குள் கவிழ்த்தாள். தடதடவென்று எல்லாம் அடியில் போய் விழுந்தன.

ஜெசிந்தா டஸ்டரோடு நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கயற்கண்ணி இடுப்பில் கை வைத்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாதிகூட நிரம்பலையே, கோச்."