மூக்கு பஸ்ஸும் ஆத்தியப்பனும்

ஒரு ஊர்ல ஒரு பஸ் பைத்தியம் இருந்தாரு. உப்புக் காத்து அடிக்கிற கடலோரத்து ஊரு. அவரு பேரு ஆத்தியப்பன். தபாலாபீஸ்ல முத்திரை குத்துவாரு. மத்த நேரமெல்லாம் பழைய பஸ்ஸப் பத்திப் பேசுவாரு. அவரு வாயத் திறந்தா டீக்கடை பெஞ்சு தன்னால காலியாயிரும். அம்புட்டு செல்வாக்கு!

அதே ஊர்ல தஸ்நேவிஸ் மிராண்டான்னு ஒரு பஸ் முதலாளி. அந்தப் பேரு, அந்தக் காலத்துல வந்த போர்ச்சுகீசுக்காரன் விட்டுட்டுப் போனது. பஸ்ஸும் அவன் விட்டுட்டுப் போனதுதான்னு ஊரே சிரிக்கும். கம்பெனிக்கு மொத்தமே அந்த ஒரு பஸ்தான். எஞ்சின் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும், அதனால மூக்கு பஸ். மழை பேஞ்சா வெளிய நிக்கிறவன விட உள்ள உக்காந்தவன் நல்லா நனைவான். அப்பேர்ப்பட்ட சொகுசு.

ம் கொட்டு... ஆங்.

அந்த பஸ்ஸோட ஒவ்வொரு ஆணியும் ஆத்தியப்பனுக்குத் தெரியும். ஆனா ஒரு நாளும் ஏறினதில்ல. "உள்ள உக்காந்துட்டா பஸ்ஸு கண்ணுக்குத் தெரியாதேடே"ம்பாரு. சைக்கிள்ல பின்னாலயே போயி, வயிறு நெறைய புழுதி தின்னுட்டு வருவாரு. ஞானி!

அப்புறம் ஒரு நாள் மிராண்டா புது பஸ் வாங்கிட்டாரு. "மூக்க நாளைக்குப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுற வேண்டியதுதான்"னுட்டாரு. ஆத்தியப்பன் காதுக்கும் அது வந்துச்சு. இன்னைக்கு ஒரு வாட்டியாவது அதுல ஏறி உக்காந்துரணும். அது நடக்கலேன்னா செத்தாலும் கட்டை வேகாதுன்னு தோணிப் போச்சு.

அன்னைக்குக் காலையில கடகட கடகடன்னு பஸ் வந்துச்சு. இவரு மூக்குக்கு முன்னால போயி நின்னு கண்ணு கலங்குனாரு. பாம் பாம்! "அடடா, என்ன ஹாரன்!"னு பக்கத்துல நின்னவன்கிட்ட வெளக்கம் சொல்லத் திரும்புனாரு. புர்ர்ர்... பஸ் போயிருச்சு.

மத்தியானம் படியில ஒரு கால வச்சுட்டாரு. அப்போ கண்டக்டர் சந்தியாகு, "பச்சை பஸ்ஸு கெளம்புது, ஏறு ஏறு"ன்னான்.

"பச்சையா? அந்தப் பெயிண்டுக்கு அடியில நீலம்டே! கீழ எறங்கு, காட்டுதேன்."

"நீரு பாத்துக்கிட்டே இரும் அண்ணாச்சி. ரைட், போலாம்!"

ம்... தூங்கிராத. இனிமேதான் இருக்கு.

சாயங்காலம் கடைசி டிரிப். அவரு பொண்டாட்டி சண்முகக்கனி கூடவே வந்தா. "வாய மூடிக்கிட்டு ஏறுங்க"ன்னு முதுகுல கைய வச்சு ஒரே தள்ளு. ஏறிட்டாரு! உக்காந்துட்டாரு! ஆனா பஸ்ஸு? லொக்கு லொக்குன்னு இருமிட்டு நின்னுருச்சு.

"ஆம்பளையெல்லாம் எறங்கித் தள்ளுங்கய்யா"ன்னான் சந்தியாகு. அந்த பஸ்ஸுக்கு அது வழக்கந்தான். சத்தம் வந்ததும் ஓடியே தொத்திக்கிடணும். நின்னா மறுபடி கெளம்பாது. எல்லாரும் தள்ளுனாங்க. ஆத்தியப்பன் கன்னத்தத் தகரத்துல ஒட்டிக்கிட்டு தள்ளுனாரு. டுப்... டுப்... டுப் டுப் டுப் டுர்ர்ர்ர்! தொபுக்கு தொபுக்குன்னு எல்லாரும் தொத்திட்டாங்க.

இவரு? கண்ண மூடிக்கிட்டு நின்னாரு. "ஆஹா, இந்தச் சத்தம் இருக்கே..."

கண்ணத் தொறந்தா வெறும் புகை. ஜன்னல்ல சண்முகக்கனி தலை மட்டும் தெரியுது.

"ஏங்க! சீட்டு மெத்து மெத்துன்னு இருக்குங்க! வந்து எல்லாம் சொல்லுதேன்!"

டீக்கடைக்காரன் எட்டிப் பாத்தான். "என்ன அண்ணாச்சி, ஏறலையா?"

"உள்ள இருந்தா அந்தச் சத்தம் இப்படிக் கேக்காதுடே"ன்னாரு. ஆனா கண்ணு மட்டும் புகை போன பக்கமே இருந்துச்சு.

இனி ஆயுசு முழுக்க மூக்கு பஸ் கதைய அவதான் சொல்லுவா. இவரு உக்காந்து ம் கொட்டணும். அதுக்கு இப்பவே பழகிக்குவோம்னு, ம்... ம்...னு தனியா சொல்லிக்கிட்டே மண்ணுல பதிஞ்ச டயர் தடத்தப் பாத்து நடந்தாரு. நடந்து நடந்து வளைவுல மறைஞ்சும் போயிட்டாரு.

கதையும் அவரு பின்னாலயே போயிருச்சு. நீ ம் கொட்டுனது போதும், கண்ண மூடு.